இம்பூறல் சிவப்பை மண்ணுக்குள் வைத்த கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, இம்பூறல் என்கிற சாயச்செடி இப்போது இருப்பதுபோல் இல்லை. இலை சிவப்பு, தண்டு சிவப்பு, பூவும் சிவப்பு. கடலோர மணல்மேடுகளில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். அந்தச் சிவப்பு நூலில் ஏறும் என்று மட்டும் ஒருவரும் கனவிலும் நினைக்கவில்லை. அன்றைக்கு நூலென்றால் வெள்ளை, மிஞ்சிப்போனால் மஞ்சள்.

அப்படியொரு மணல்மேட்டில் அரியநாச்சி என்று ஒருத்தி தனியாக இருந்தாள். புருஷன் செத்து வெகுநாள் ஆகிறது. முன்பு ஊரே அங்கேதான் இருந்தது. காற்று வருஷா வருஷம் மணலைக் கொண்டுவந்து வீடுகளுக்குள் கொட்டியதில் சலித்துப்போய், ஓடை கடலில் கலக்கும் இடத்துக்கு எல்லாரும் குடிபெயர்ந்தார்கள். அரியநாச்சியும் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். அந்த நேரம் பார்த்து அவள் நாத்தனார் பூரணம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“மதினி நூத்த நூலை வச்சுக் கட்டிராதீங்க. மூட்டை பாதி வழியில அவுந்துரும்,” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அரியநாச்சி மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“நீங்க போங்க. நானா உங்களத் தேடி வந்தா, அப்ப என்னைய என்னன்னு கேளுங்க.”

விளையாட்டுக்குச் சொன்னது என்று யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் போயிருப்பாள். யாரும் இழுக்கவில்லை. நாலு நாளில் தானே வந்துவிடுவாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களே வந்து கூப்பிடட்டும் என்று இவள் நினைத்தாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

காலையில் எழுந்ததும் வீட்டுக்குள் வந்த மணலைக் கூட்டித் தள்ளுவாள். பிறகு பருத்தியில் கொட்டை எடுப்பாள், ராட்டை சுற்றுவாள், நூற்ற நூலைச் சுற்றிச் சிட்டம் சிட்டமாகக் கட்டித் தொங்கவிடுவாள். சில நாள் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மூன்று வருஷமாக அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லையே.

வாசலில் படர்ந்த இம்பூறல்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. “காத்து மேக்க திரும்பிருச்சு,” என்று அது சொல்லும். “ஆமா, கடலும் கெடந்து கத்துது,” என்பாள் இவள். அதற்குமேல் பேச இருவருக்கும் என்ன இருந்தது?

ஒருநாள் அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துச் செடிக்கு மனசு கேட்கவில்லை.

“எங்கிட்ட உதிர்ந்த எலையப் பொறுக்கிக் கொதிக்க வையி. நூலைக் கடுக்காய்த் தண்ணியில ஊறப்போட்டு, அப்புறம் அதுல முக்கு. பெறகு பாரு,” என்றது. “ஒன்னே ஒன்னு. நூலை ஓடையில அலசிராத. பானையில அலசி, அந்தத் தண்ணிய மணல்ல ஊத்திரு.”

“ஏன்?”

“கீழ ஊர் இருக்குல்ல. தண்ணி செவப்பா வந்தா தேடி வருவாங்க. வந்தா எங்கள விட்டுவைக்க மாட்டாங்க.”

அவள் சொன்னபடி செய்தாள். நூல் செக்கச்செவேலென்று ஏறியது. வீடு முழுக்கச் சிவப்புச் சிட்டங்கள் தொங்கின. முதல் பத்து நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அதைப் பார்க்கவே அவளுக்கு அழுகை வந்தது. இதைப் பூரணம் பார்க்க வேண்டும், பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், வேறு என்ன இருக்கிறது?

மழைக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் பாயைவிட்டு எழவில்லை. “எப்படி இருக்கு, எப்படி இருக்கு” என்று இம்பூறல் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அதனால் முடியுமா?

நாலாம் நாள் எழுந்தவள், சாயப்பானையிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு சிட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். காய்ச்சல் மயக்கத்தில் தெரியாமல் செய்தாள் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தெரிந்துதான் செய்தாள். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும் என்று நினைத்து, நூலைத் தண்ணீரில் விட்டு அலசினாள். சிவப்பு நெளிந்து நெளிந்து கீழே போனது.

முதலில் ஓடிவந்தவள் பூரணம்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“ரத்தம்னு நெனச்சிட்டேன் மதினி,” என்று சொல்லி, அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பின்னாலேயே ஊர் வந்தது. நூலைத் தொட்டுப் பார்த்தது, வாயைப் பிளந்தது. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ அவள் மடியில் படுத்துத் தூங்கியது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, சிவப்பு எங்கிருந்து வந்தது என்று. அவள் சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை பூரணம் மூட்டையைத் தூக்கினாள்.

“சொல்ல மனசில்லைன்னா விடுங்க மதினி. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு, நாங்க கெளம்புறோம்.”

“இருங்க,” என்றாள் அரியநாச்சி. விரலை நீட்டி வாசலைக் காட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் மேடு மொட்டையாகிவிட்டது. ஆளுக்கொரு கட்டுத் தலையில் ஏறியது. இலை வாடுமுன் கொதிக்க வைக்க வேண்டும் என்று பூரணத்துக்கும் அவசரம். “நாளைக்கு வாறோம் மதினி,” என்றாள். நீயும் வா என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் யாரும் வரவில்லை. வருவதற்கு அங்கே இனி என்ன இருக்கிறது?

ஆட்டுரல் இடுக்கில் ஒரே ஒரு செடி தப்பியிருந்தது. அரியநாச்சி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கோவமா?”

“கோவமில்ல,” என்றது செடி. “நீ கூப்பிடத்தான செஞ்ச. தனியா இருக்கிற யாரும் கூப்பிடத்தான் செய்வாங்க.”

“இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லுவ. அடுத்த தடவ யாராவது மூட்டையத் தூக்கினா சொல்லுவ.”

இல்லை என்றால் அது பொய். மிச்சமிருந்த அந்த ஒரு செடியிடமும் பொய் சொல்ல அவளுக்கு மனசில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூ வெளுத்தது, இலை பச்சையாயிற்று, தண்டில் இருந்த சிவப்பெல்லாம் மெல்ல இறங்கி வேருக்குள் போனது. அதோடு குரலும் போய்விட்டது. அவள் மணலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள்.

அன்று முதல்தான் இம்பூறல் பச்சை இலையும் பொடிசான வெள்ளைப் பூவுமாக, தன்னிடம் ஒன்றுமே இல்லாததுபோல் மணலில் கிடக்கிறது. சாயம் வேண்டுமென்றால் மண்டியிட்டு வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசினாலும் அது பதில் சொல்வதில்லை.