டேபிள் ஃபேன் சொன்ன சம்மதம்

கோயம்புத்தூரில் ஒரு குக்கர் கம்பெனி. அதை வாங்கிய டென்மார்க் முதலாளிகள் கூட்டங்களையெல்லாம் வி.ஆர். கண்ணாடிக்குள்தான் நடத்துவார்கள். இரண்டு நாட்டு ஆட்களும் அதை மாட்டிக்கொண்டு, ஒரே கற்பனை அறையில் பொம்மை உருவங்களாக உட்காருவார்கள். கண்ணாடி எப்படி ஆடுகிறதோ, உருவத்தின் தலையும் அப்படியே ஆடும். திட்டத் தலைவர் ஹென்ரிக்குக்கு ஒரு பெருமை உண்டு. "தமிழர்கள் பக்கவாட்டில் தலையாட்டினால் சம்மதம். பயிற்சி வகுப்பில் படித்தேன்" என்பார். என்ன ஞானம்!

செலவைக் குறைக்க, குக்கரின் சேஃப்டி வால்வை எடுத்துவிடலாம் என்றார் அவர். எடுத்தால் வெடிக்கும் என்று சோதனைப் பிரிவுப் பொற்கொடிக்குத் தெரியும். ஆனால் சின்ன ஊழியர்களின் மைக்கைக் கூட்டத்தில் மூடியே வைத்திருப்பார்கள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மெயில் போட்டாள். "கூட்டத்தில் சம்மதித்துவிட்டு இப்போது என்ன?" என்று பதில் வந்தது.

கடைசிக் கூட்டத்துக்கு முதலாளிகளும் வந்தார்கள். ஹென்ரிக் விளக்க விளக்க, பொற்கொடியின் உருவம் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"பாருங்கள், எப்படிப்பட்ட சம்மதம்! நீங்களே சொல்லுங்கள், பொற்கொடி" என்று அவள் மைக்கைத் திறந்துவிட்டார்.

"சார், நான் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கேன். கண்ணாடிய டேபிள் ஃபேன்ல கட்டி வச்சிருக்கேன். இவ்வளவு நேரம் உங்களுக்குச் சம்மதம் சொன்னது அதுதான். நான் ஆட்டினப்பல்லாம் வேண்டாம்னுதான் ஆட்டினேன்."

வால்வு இருக்கட்டும் என்று முதலாளிகள் எழுந்துபோனார்கள். யார் வீட்டு அடுப்படியோ தப்பித்தது.

மறுமாதம் ஆட்குறைப்பு என்று சொல்லி, ஹென்ரிக் பொற்கொடியை வீட்டுக்கு அனுப்பினார். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அதுதான் ஃபேன் இருக்கிறதே.