பூதம் விழுங்கிய அடுப்படி

முன்பு ஒரு காலம். ராஜாவும் இருந்தார், கரண்டில் சுற்றும் மிக்ஸியும் இருந்தது. அந்த வேங்கைநாட்டில் பூவாத்தா என்றொரு பெண், வயது பன்னிரண்டு. அவள் அம்மா காய்ச்சலில் படுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"கேழ்வரகு ஒன்றுதான் வயிற்றில் தங்கும். ஒரு நாள் தவறினாலும் உயிருக்கு ஆபத்து" என்று சொல்லியிருந்தார் வைத்தியர்.

மிக்ஸியில் மாவரைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள் பூவாத்தா. அம்மா குடித்து முடிப்பதற்குள் வாசல் இருண்டது. பனைமர உயரத்துக்கு ஒரு பூதம்!

"பசிக்குது, பசிக்குது! எதில் சமைச்சே? கொண்டா!"

ஊரிலிருந்த மிக்ஸி, கிரைண்டர், மாவு மில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் போனது.

மறுநாள் அப்பா உடையப்பன் பரணிலிருந்து திருகையை இறக்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கல், சுற்ற ஒரு கைப்பிடி. பூவாத்தா தோள் வலிக்கச் சுற்றினாள். நாலு பிடி மாவு தேறியது.

"பசிக்குது, பசிக்குது! எதில் சமைச்சே? கொண்டா!"

திருகை போனது. அம்மியும் உரலும் போயின.

மூன்றாம் நாள் பாறையில் தானியத்தைப் பரப்பி, ஆற்றுக் கூழாங்கல்லால் நசுக்கினாள். கஞ்சியில் உமி மிதந்தது. அம்மா மூன்றே வாய் குடித்தாள்.

"பசிக்குது, பசிக்குது! எதில் சமைச்சே? கொண்டா!"

இந்த முறை பானைகளை விழுங்கியது. அடுப்பு நெருப்பையும் உறிஞ்சியது. ஒரு தீக்குச்சிகூட மிஞ்சவில்லை.

நாலாம் நாள் அம்மா கண் திறக்கவில்லை.

"பச்சையாவே கொடுத்துப் பார்ப்போமா கண்ணு?" அப்பா கேட்டார்.

"தங்காதுப்பா."

இரண்டு காய்ந்த குச்சிகளை எடுத்து உரசத் தொடங்கினாள். உள்ளங்கை கொப்பளித்தது, தோல் உரிந்தது. உச்சிவெயிலில்தான் புகை வந்தது. கல்லைச் சுடவைத்து, நசுக்கிய மாவைத் தட்டிப் போட்டாள். ஒரே ஒரு அடை.

நிழல் விழுந்தது.

"எதில் சமைச்சே?"

"இந்தக் கையிலதான். இதையும் முழுங்கப் போறியா?"

பூதம் வாயைத் திறந்தது. பூவாத்தாவுக்கும் மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. பல்லும் நாக்கும் அருகில் வர, அப்போதுதான் கவனித்தாள். பூதத்தின் கண்ணில் நீர்.

"உனக்கு நெஜமாவே பசிதானா? அப்போ அடையைத்தானே கேட்டிருக்கணும்!"

அடையைப் பிய்த்துப் பாதியை அதன் வாயில் வைத்தாள்.

பூதம் மென்றது. அப்படியே குறுகிக் குறுகி ஒரு மனிதன் ஆனது.

"நான் அரண்மனைச் சமையற்காரன், தாயே. பசி என்று வந்த மந்திரவாதியிடம், பானையைத் தின்னு போ என்று சிரித்தேன். பசியோடு இருப்பவர் எவராவது பங்கு கொடுக்கும்வரை நீயே பானையைத் தின்னு திரி என்று சபித்துவிட்டார்" என்று தேம்பினான்.

வாசலில் கடகடவென்று வந்து விழுந்தன பானைகள், உரல்கள், திருகைகள், கிரைண்டர்கள். அடுப்புகள் தாமாகப் பற்றிக்கொண்டன. ஊரார் கூச்சலோடு ஓடிவந்தார்கள்.

பூவாத்தா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. மீதி அடையைத் தண்ணீரில் கரைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். தொண்டை அசைந்தது.

மெல்லக் கண் திறந்தாள் அம்மா.

"உப்புப் போட மறந்துட்டியே, பூவாத்தா."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.