பன்னெண்டு மார்க் மரியபுஷ்பம்

நம்ம காலேஜ் புரொபசர் நீலமேகம் ஒரு மெஷின் செஞ்சாருங்க! தலையில தொப்பி மாட்டினா, அந்த ஆளுக்கு எவ்வளவு சுயநினைவு இருக்குன்னு நம்பர் சொல்லிடுமாம். மனசு, உணர்வு எல்லாமே வெறும் கணக்குதானாம்!

லேப் பெருக்குற மரியபுஷ்பத்தோட வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கிக் குடுக்கணும்னு அவருக்கு ஆசை. பர்மனென்ட் வேலையாச்சே, அவளா ராஜினாமா எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. அதனால மெஷினைப் பாக்க டெல்லியில இருந்து கமிட்டி வந்த அன்னைக்கு, எல்லார் முன்னாடியும் அவ தலையில தொப்பியை மாட்டினார். பன்னெண்டு!

"பாத்தீங்களா? இருபதுக்குக் கீழன்னா சுயநினைவே கிடையாது. சும்மா கை காலு ஆடுது, அவ்வளவுதான். என் சூத்திரம் தப்பவே தப்பாது!"

கமிட்டி கைதட்டுச்சு. அந்தச் சூட்டோட ஒரு ராஜினாமா கடிதத்தை நீட்டினார். "இந்தாம்மா, சுயநினைவு இல்லாத ஆளுக்கு லேப்ல என்ன வேலை? இவங்களே சாட்சி. கையெழுத்துப் போடு."

மரியபுஷ்பம் சத்தமா வாசிச்சா. "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு சுயநினைவோடு வேலையை விடுகிறேன்..." பேனாவை மூடிட்டா.

"சார், எனக்குச் சுயநினைவே இல்லைன்னு உங்க மெஷின் சொல்லுதே. அப்ப என் கையெழுத்து செல்லாது. செல்லும்னா மெஷின் பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க!"

நீலமேகம் கமிட்டியைப் பாத்தார். டர்ருனு கடிதத்தைக் கிழிச்சார். "என் கணக்குதான் சரி!"

கமிட்டித் தலைவர் தொப்பியைக் கையில எடுத்தார். "பன்னெண்டே இப்படி யோசிக்குதே! உங்க நம்பர் என்னன்னு பாப்போமா புரொபசர்?"

நீலமேகம் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினவர்தான். இன்னைக்கு வரைக்கும் மெஷின் ரிப்பேராம். தினமும் அதைத் தூசி தட்டி வைக்கிறது யாருங்கிறீங்க? மரியபுஷ்பமேதான்!