உப்பில் வரைந்த வாசல்

அன்று உப்பளத்து மேட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்கடன் அதிகாரி சபாநடேசன், அவருடைய டிரைவர், எட்டுக் குடும்பங்கள், உப்பு வாரும் மாடத்தி, ஓரமாக நான்.

எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு மாடிக் கட்டடம் எழுப்ப அரசாங்கக் கடன் கேட்டிருந்தோம். கிடைக்காவிட்டால் இந்த மழையோடு எங்கள் குடிசைகள் போய்விடும்.

"ஆள் குடியிருக்கிற வீட்டைக் காட்டுங்க. அப்பதான் கையெழுத்து," என்றார் அதிகாரி.

"கடன் வந்தாத்தானே ஐயா வீடு வரும்?" என்றாள் மாடத்தி.

"அது உங்க பாடு. பொழுது சாயிற வரைக்கும் இருப்பேன்."

சொல்லிவிட்டு ஜீப்பில் சாய்ந்து கண்ணயர்ந்தார். மாடத்தி கூடை கூடையாக உப்பை அள்ளி வந்து, மேட்டில் வீடு வரைந்தாள். சுவர், அடுப்படி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல். சாயங்கால வெயிலில் அந்தக் கோடுகள் மெல்ல எழுந்து நிற்பதுபோல் மினுங்கின. எல்லோரும் வாசலில் செருப்பை விட்டு உள்ளே போனோம். உலை கொதித்தது. யாரோ தாலாட்டினார்கள்.

"ஐயா, காப்பி குடிக்க வாங்க!" என்று கூப்பிட்டாள் மாடத்தி.

அதிகாரி பாதித் தூக்கத்தில் நடந்து வந்தார். வாசல் கோட்டருகே நின்று குனிந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்த பிறகே முழுதாக விழித்தார்.

"வெறுந்தரையில உக்கார வச்சு ஏமாத்துறியா? வீடு எங்கம்மா?"

"வீடு இல்லேன்னா ஷூவை எதுக்கு ஐயா வாசல்ல கழட்டுனீங்க?"

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அதிகாரி தன் வெறுங்காலை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று ஜீப்பில் ஏறிப் போனார்.

வாசலில் எண்ணிப் பார்த்தேன். எங்கள் செருப்புகள் போக மிச்சம், கறுப்பு ஷூ ஒரு ஜோடி.