பெகோனியாவுக்காகக் கூரை பிரித்த கதை

மாசிலாமணிக்குத் தை மாதம் கல்யாணம். பெண் வீட்டார் வந்து பார்த்து, "ஓட்டு வீடுன்னாலும் ஒழுகாத வீடு" என்று திருப்திப்பட்ட பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அது வாடகை வீடு. அவனோடு தம்பிகள் தவசியும் உறங்காப்புலியும் இருந்தார்கள். மூன்று பேரையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கான மூளை தேறும் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கு எப்போதுமே தாராள மனசு.

ஐப்பசியில் வீட்டுக்கார ஞானசுந்தரி அக்கா தன் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினார். போகும்போது ஒரு பெகோனியாத் தொட்டியைக் கொண்டுவந்து மாசிலாமணி கையில் கொடுத்தார்.

"உசுரா வளர்த்த செடி தம்பி. நேர் வெயில் ஆகாது. இலையில தண்ணி படக்கூடாது. மண்ணுக்கு மேல படுத்திருக்கு பாரு கிழங்கு, அதை எதுவும் மூடக்கூடாது, அழுகிரும். செடி செத்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிருங்க."

மாசிலாமணி தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். வீடு போனால் பெண்ணும் போய்விடுவாளே. மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அண்ணே, கிழங்குக்கு மேல என்ன இருக்கு?" என்றான் உறங்காப்புலி.

"ஒண்ணுமில்லையே."

"நல்லா அண்ணாந்து பாருண்ணே. கூரை இருக்கு."

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தான். இருந்தது.

"எதுவும் மூடக்கூடாதுன்னாங்க. கூரை மட்டும் என்ன விதிவிலக்கா?" என்றான் தவசி.

"செடியை முற்றத்துல வச்சிரலாமே?" என்றான் மாசிலாமணி.

"அங்கே நேர் வெயிலாச்சே."

"கூரையைப் பிரிச்சா உள்ளேயும் நேர் வெயில்தானே வரும்?"

"உள்ளே வந்துட்டா அது வீட்டு வெயில்ண்ணே."

மாசிலாமணிக்குப் பெருமையாக இருந்தது. தவசி இவ்வளவு தெளிவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. ஏணி வைத்து ஓட்டைப் பிரித்தார்கள். பாதி ஓடு இறங்கியது, மீதி விழுந்தது.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. இலையில் தண்ணீர் படக்கூடாது என்று தவசி குடையை விரித்தான்.

"கிழங்கை மூடிட்டியேடா பாவி," என்று பதறினான் மாசிலாமணி.

மறுபடி ஆலோசனை. கடைசியில் குடையில், கிழங்குக்கு நேராக ஒரு ஓட்டை போட்டார்கள். ஆள் மாற்றி ஆள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அரிசி ஊறியது, பாய் மிதந்தது, கல்யாண வேட்டி சாயம் ஏறிக் கிடந்தது. செடி மட்டும், அதன் தலையெழுத்து நல்ல தலையெழுத்து, தளதளவென்று புது இலை விட்டது.

பேரன் பிறந்த சந்தோஷத்தில் மிட்டாயோடு வந்த அக்கா, செடியைப் பார்த்துப் பூரித்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறோம் என்பது உறைத்ததும் அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார். அவர் முழங்கை பட்டு ஒரு இலை ஒடிந்தது.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சே, செடி போச்சே."

"சும்மா இருப்பா," என்றார் அக்கா சலித்துப்போய். "ஒடிஞ்ச இலையை ஈர மண்ணுல சொருகினா முழுச் செடியா வந்துரும். தைக்குள்ள என் கூரை பழையபடி இருக்கணும். இல்லேன்னா வேற வீடு பார்த்துக்கங்க."

மாசிலாமணியின் முகம் தெளிந்தது.

மறுநாள் காலையில் அக்கா கொல்லைப்பக்கம் போனார். ஈர மண்ணில், உடைந்த ஓட்டுத் துண்டுகள் வரிசையாகச் சொருகி நின்றன. தவசி பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மாசிலாமணி ஒரு துண்டின் அருகே குந்தி, துளிர் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டு, கவலையோடு நிமிர்ந்தான்.

"தைக்குள்ள வளர்ந்துருமாக்கா? இல்ல, கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளிப் போட்டுரட்டுமா?"