கரை தொடவிடாத தளபதி

சுரபுன்னைக் காட்டுக் காயலில் முன்பு ஒரு படகுப் படை இருந்தது. குரங்குகள் பாய் கட்டும். நீர்நாய்கள் துடுப்புப் போடும். தவளைகள் படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைத்து ஊற்றும். இப்போது அந்தப் பக்கம் போனால் நண்டுகள்தான் நடமாடுகின்றன. ஆனால் அந்தப் படகுகள் வரிசையாகப் புறப்பட்ட அழகு இருக்கிறதே, அதைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் பிடிக்காது!

படைக்கு ஒரே வேலைதான். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் முதலைகள் காயலுக்குள் நுழையப் பார்க்கும். நுழைந்துவிட்டால் கரையோரத்தில் குஞ்சு குட்டி எதுவும் மிஞ்சாது. அதனால் படகுகள் காயலின் வாய்க்குப் போய் வழியை மறித்து நிற்கும். பக்கத்துப் பக்கத்துப் படகுகளுக்கு நடுவே முள்கொடி வலை கட்டியிருக்கும். எல்லாரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டால்தான் வலை விறைப்பாக நிற்கும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் தொய்ந்துவிடும். தொய்ந்த வலைக்கு அடியில் முதலை சிரித்துக்கொண்டே உள்ளே போகும்.

அந்த நாளில் படைத்தளபதி பைவாயர் என்ற கூழைக்கடாப் பறவை. அவர் ஆள் சேர்க்கிற விதமே தனி. வானம் கறுத்ததும் அலகுப் பை நிறைய மீனோடு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒவ்வொரு வளையின் வாசலிலும் நின்று, "இந்த மழைக்கு என்னோட வர்றியாப்பா?" என்று கேட்பார். குரங்கு வீடுகளுக்கு மட்டும் அத்திப்பழம் கொண்டுவருவார். அதில் கொஞ்சம் மீன் வாடை அடிக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

வரமுடியாது என்று சொன்னவருக்கும் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவரிடம் வரமுடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

காவல் முடிந்து படகு திரும்பினால் அவரவர் துடுப்பை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வாசலில் சேற்றில் நட்டுவைப்பார்கள். துடுப்பு நிற்கிற வீட்டைக் கண்டால் மற்ற விலங்குகள் ஒதுங்கி வழிவிட்டு நடக்கும். அவ்வளவு மரியாதை!

ஒரு கோடையில் பைவாயர் தெற்கே பறந்து போனார். வயதாகிவிட்டது. திரும்பி வரவில்லை.

யானையரசர் புதுத் தளபதியைத் தேடினார். கூர்நகன் என்ற கீரி மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

"இத்தனை பாம்பைக் கொன்னவனுக்கு நாலு படகை ஓட்டத் தெரியாதா!" என்றார் அரசர்.

கூர்நகனுக்குக் காலில் தண்ணீர் பட்டாலே தும்மல் வரும். அதை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பதவிக்கு வந்ததும் அவன் நரிகளைக் கூப்பிட்டான். "வீடு வீடாப் போய்க் கெஞ்சினா தளபதிக்கு என்ன மதிப்பு? ஆளைப் பிடிச்சுட்டு வாங்க!"

"யாரைப் பிடிக்கணும் ஐயா?"

"படகு வேலை தெரிஞ்சவனை!"

"அது எப்படி ஐயா தெரியும்?"

"இதுகூடத் தெரியாதா? உடம்பு ஈரமா இருக்கும்!"

நரிகள் கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பின. செய்தி அவற்றுக்கு முன்னால் காடெங்கும் போய்விட்டது. பிறந்ததிலிருந்து உடம்பு காய்ந்தறியாத நீர்நாய்கள், வெயிலில் கிடந்து, புழுதியில் புரண்டு, ஓர் ஈச்சம்புதருக்குள் உட்கார்ந்துகொண்டன.

"யாரு நீங்க?" என்று கேட்டது ஒரு நரி.

"நாங்க காட்டுப்பூனைங்க அண்ணே!"

"மீன் வாடை அடிக்குதே?"

"பூனை மீன் தின்னாதா அண்ணே?"

நரி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டது.

அப்படியானால் அகப்பட்டது யார்? கால் கழுவ வந்த முயல். தண்ணீர் குடிக்க வந்த முள்ளம்பன்றி. மழையில் நனைந்த ஒரு மான். மூன்று பேரையும் இழுத்துவந்து படகில் ஏற்றினார்கள். மான் படகு அசைந்ததும் வாந்தி எடுத்தது. முள்ளம்பன்றி களைப்பில் பாயின்மேல் சாய்ந்தது. பாய் முழுக்க ஓட்டை!

இந்தச் சமயத்தில்தான் பைவாயர் காலத்தில் கடைசியாகப் புறப்பட்ட படகு, தூரத்து மணல்திட்டில் முதலை வருகிறதா என்று பார்க்கும் காவலை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. அதில் செம்முகன் என்ற குரங்கு இருந்தான். பாய் கட்டுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. அவன் புறப்பட்டபோது மனைவி தாழை நிறைமாதமாக இருந்தாள். குட்டி பிறந்த செய்தியை வழியில் ஒரு நாரை சொல்லித் தெரிந்துகொண்டான். அன்றிலிருந்து படகில் வேறு பேச்சே இல்லை.

"என்னை மாதிரி இருக்குமா, அவளை மாதிரி இருக்குமா?" என்று கேட்டுக்கேட்டே தண்ணீர் இறைக்கும் பாசியன் தவளையைப் பாடாய்ப் படுத்தினான்.

"உன்னை மாதிரி இருந்தா அது தலையெழுத்து!" என்று சிரித்தான் பாசியன்.

காயல் திரும்பும் இடத்தில் செம்முகனின் மரம் தெரிந்தது. உச்சிக் கிளையில் தாழை நின்று எதையோ தூக்கிக் காட்டினாள். கையளவு கறுப்பாக ஏதோ தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"அதோ! அதோ!" என்று செம்முகன் குதித்தான்.

அப்போது கூர்நகனின் படகு குறுக்கே வந்து நின்றது.

"யாரும் இறங்கக் கூடாது! என் படகுகளுக்கு ஆள் போதலை. இங்கேயே ஆளுக்கொரு படகா மாறுங்க!"

"ஐயா, கரையைத் தொட்டுட்டு வந்துடுறோம். நான் இன்னும் என் குட்டி முகத்தைப் பார்க்கலை."

"கரையில விட்டா ஓடிடுவே!"

"பைவாயர் காலத்துல யாருமே ஓடலையே ஐயா?"

"அது அந்தக் காலம்!"

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். அந்தக் காலத்தில் இருந்தவர்களும் இதே குரங்குகள், இதே தவளைகள்தானே!

கூர்நகன் ஒரே படகில் சேர்ந்திருந்தவர்களைப் பிரித்து எல்லாப் படகுகளிலும் போட்டான். சேர்ந்திருந்தால் கலகம் செய்வார்களாம். ஓடாமலிருக்க எல்லார் காலையும் கொடியால் கட்டினான். செம்முகனையும் பாசியனையும் மட்டும் தன் படகிலேயே வைத்துக்கொண்டான். ஏனென்றால் அந்தப் படகில்தான் பாய் ஓட்டையாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தது.

மழை போய் வெயில் வந்தது. வெயில் போய் மறுபடி மழை வந்தது. ஒவ்வொரு தடவையும் காவல் முடிந்து திரும்பும்போது அந்த மரம் கண்ணில் படும். ஒவ்வொரு தடவையும் கூர்நகன் படகைத் திருப்பிவிடுவான். "அடுத்த தடவை பார்க்கலாம்!" என்பான். மரத்தில் தெரிந்த அந்தக் கறுப்பு உருவம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

சில நாள் பாசியன் பழைய துடுப்புப் பாட்டை மெல்ல எடுப்பான். செம்முகன் சேர்ந்துகொள்வான். பாதியில் இருவரும் அழுதுவிடுவார்கள். பக்கத்தில் இருந்த முயலுக்கு அந்தப் பாட்டும் தெரியாது, அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்றும் தெரியாது.

அந்த மழையில் ஆறு கரைபுரண்டது. முதலைகள் கூட்டமாக வந்தன.

"வலையை விரியுங்க! துடுப்புப் போடுங்க!" என்று கூர்நகன் கத்தினான்.

யாரோடு யார் போடுவது? ஒரு படகில் ஒருவர் இழுத்தபோது இன்னொருவர் தள்ளினார். மான் கண்ணை மூடிக்கொண்டது. வலை தொய்ந்து, அடியில் கிடந்த மரக்கட்டையில் மாட்டிக் கிழிந்தது. காற்று படகுகளை உள்ளே அடித்துக்கொண்டு போனது. நல்லவேளை, அதே நேரத்தில் கடல் உள்வாங்கியதால் காயல் நீர் வற்றத் தொடங்கியது. காயலின் வாயில் மணல்மேடு தலைதூக்கியது. முதலைகள் அதற்கு அப்பால் படுத்துக்கொண்டன. மறுபடி நீர் ஏறினால் உள்ளே வந்துவிடும்.

படகுகள் ஆங்காங்கே சேற்றில் உட்கார்ந்துவிட்டன. கூர்நகனின் படகு போய் நின்ற இடம் செம்முகனின் மரத்தடி!

மேலே இலை அசைந்தது. செம்முகன் அண்ணாந்து பார்த்தான். பிறகு சொன்னான். "ஐயா, கட்டை அவிழ்த்துவிடுங்க. நீர் ஏறுறதுக்குள்ள வந்துடுறோம்."

"வரமாட்டே!"

"காலைக் கட்டி வச்சுத்தானே இருந்தீங்க. வலை நின்னுச்சா?"

கூர்நகன் கிழிந்த வலையைப் பார்த்தான். தூரத்தில் திறந்திருந்த முதலை வாய்களைப் பார்த்தான். சுற்றிலும் இருந்த சேற்றைப் பார்த்து ஒரு தும்மல் போட்டான். அப்புறம் குனிந்து, தன் பல்லாலேயே கொடியைக் கடித்து அறுத்தான். ஒவ்வொருவர் காலாக அறுத்துக்கொண்டே போனான். எல்லாரும் குதித்து, மற்றப் படகுகளில் இருந்தவர்களின் கட்டையும் அறுத்துவிட்டு ஓடினார்கள். முயல் போன வேகத்தைச் சொல்லவே வேண்டாம்! படகில் தளபதி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான்.

செம்முகன் மரத்தில் ஏறினான். கிளையில் தாழை நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி பக்கத்துக் கிளைக்கு அனாயாசமாகத் தாவியது. அங்கே இருந்து அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"அம்மா, இந்த மாமா யாரும்மா?"

தாழை வாயைப் பொத்திக்கொண்டாள். செம்முகன் கையை நீட்டினான். குட்டி வரவில்லை. எப்படி வரும்? அவன் கையை மடக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, குட்டியின் காதை, வாலை, நெற்றிச் சுழியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது அவனை மாதிரியேதான் இருந்தது.

கீழே சேற்றில் நீர் சலசலத்தது.

"போகணுமா?" என்றாள் தாழை.

"போகலேன்னா முதலை இங்கேதான் வரும்," என்று சொல்லி அவன் இறங்கினான்.

படகில் கூர்நகன் கண்ணை இறுக்க மூடியிருந்தான். படகு மெல்ல அசைந்தது. கண்ணைத் திறந்தால், எதிரே செம்முகன் பாயைத் தைத்துக்கொண்டிருந்தான்! பாசியன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். ஈச்சம்புதரிலிருந்து நீர்நாய்கள் புழுதியை உதறிக்கொண்டு ஓடிவந்தன.

"செம்முகன் அண்ணே, நீங்க வந்தா நாங்களும் வர்றோம்!"

ஓடிப்போன பழைய ஆட்களும் திரும்பி வந்தார்கள். யாரும் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. பழகியவர்கள் பழகியவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்கள். கிழிந்த வலையை முடிந்து கட்டினார்கள். ஒருவன் பாட்டெடுத்தான். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு! எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழுந்தன, ஒன்றாக எழுந்தன. வலை விறைத்து நின்றது. முதலைகள் மோதின. முள் குத்தியது. மறுபடி மோதின. மறுபடி குத்தியது. இருட்டும் முன் வந்த வழியே திரும்பிவிட்டன.

கூர்நகனுக்குத் தலைகால் புரியவில்லை. "செம்முகா! இனிமே எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் போய் வரலாம். உனக்கு என்ன வேணும்? என்ன கேட்டாலும் தர்றேன்!"

செம்முகன் துடுப்பைக் கீழே வைத்தான்.

"என் குட்டி முதல் தடவை தாவினப்ப, விழுந்தா பிடிச்சுக்க நான் கீழே நின்னிருக்கணும் ஐயா. அதைத் தருவீங்களா?"

மறுநாள் காலையில் கூர்நகன் யானையரசரிடம் போய்ப் பதவியைத் திருப்பிக் கொடுத்தான்.

நாம் கட்டி இழுத்துவந்தவனிடம் அவன் உடம்பு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். நாம் நம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தவன் மனசோடு திரும்பி வருவான்.