தோல் வேலை தெரிந்த காகம்

கல்மேட்டுக் காட்டில் ஒரே ஒரு குட்டை இருந்தது. கோடை வந்தால் சுற்றுவட்டாரமெல்லாம் வறண்டுவிடும். அந்தக் குட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதன் கரையில் ஒரு கிழப்புலி இருந்தது. பல்லெல்லாம் விழுந்து, நண்டும் மீனும் தின்று காலம் தள்ளிய புலி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த செந்நாய்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது. புலி இருக்கிறது என்ற பயத்தில் அவை குட்டைப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அதனால் மான்களும் முயல்களும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்து வந்தன.

ஒரு கோடையில் அந்தப் புலி செத்துப்போனது.

அப்போதுதான் குட்டி போட்டிருந்த ஒரு கடமானுக்குக் கை கால் ஓடவில்லை.

"செந்நாய்க்கு விஷயம் தெரிஞ்சா உடனே வந்துடுமே! அடுத்த ஓடை எங்கேயோ கிடக்கு. இந்த வெயில்ல என் குட்டி அவ்வளவு தூரம் நடக்குமா?" என்று புலம்பியது.

"எதுக்கு அழறே? புலிதானே போச்சு, தோல் இருக்கே!" என்றது மரத்திலிருந்த காகம். "அதைப் பக்குவமாக் காயவச்சுப் பாறைமேல போட்டு வைப்போம். தூரத்துல இருந்து பார்த்தா புலி படுத்திருக்கிற மாதிரியே இருக்கும்!"

"தோலைக் காயவைக்க உங்களுக்குத் தெரியுமா காக்காண்ணே?" என்று கேட்டது முயல்.

"என்னைப் பார்த்தா கேக்குறே? வேட்டைக்காரன் குடிசைக்கு எதிர்மரத்துலதான் என் கூடு! பொழுது விடிஞ்சா இதையேதான் பார்க்கிறேன்!"

காகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது பொய் சொல்லாது. ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்றும் சொல்லாது.

கறியை எடுத்துக்கொள்ளலாம் என்றதும் நரி ஓடிவந்து தோலை உரித்துக் கொடுத்தது. காகம் கிளையில் இருந்தபடியே உத்தரவு போட ஆரம்பித்தது.

"முடி உள்ள பக்கம் கீழே! இழுத்துப் பிடிங்க! சுருக்கம் விழக் கூடாது! முள்ளம்பன்றி, உன் உதிர்ந்த முள்ளையெல்லாம் கொண்டுவா. ஓரத்துல அடிச்சு இறுக்கணும்!"

மான்கள் வாயால் கவ்வி இழுத்தன. முள்ளம்பன்றி முட்களைக் குத்தியது. அடுத்து உப்பு வேண்டும் என்றது காகம். உப்புக்கு எங்கே போவது? மான்கள் நக்கும் உவர்மண் பக்கத்திலேயே இருந்தது. அதைக் கொண்டுவந்து தோல்மேல் தூவித் தேய்த்தார்கள்.

"வெயில்ல போடலாமா?" என்று கேட்டது கடமான்.

"வேண்டவே வேண்டாம்! வெயில்ல போட்டா முறுக்கிக்கும். நிழல்ல, காத்தாடக் காயணும்!"

அதுவும் சரியான யோசனைதான். முயல் மட்டும் தோலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"காக்காண்ணே, இங்கே கொழுப்பு கட்டி கட்டியா ஒட்டியிருக்கே! இது இப்படியே இருக்கலாமா?"

"காய்ஞ்சா எல்லாம் சரியாப் போயிடும். பார்த்தவன் நானா, நீயா?"

முயல் தோலைச் சுற்றுவதை விட்டு நகர்ந்துபோனது.

சில நாட்களில் தோல் மேலே விறைப்பாகிவிட்டது. லேசாக ஒரு வாடை அடித்தது. புலி என்றால் வாடை இருக்காதா என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எல்லாரும் சேர்ந்து தோலைத் தூக்கிப் பாறைமேல் போட்டார்கள். மஞ்சளும் கறுப்புமாகப் புலியே படுத்திருப்பதுபோல இருந்தது. கடமானுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

புலியின் சத்தத்தையே காணோமே என்று அன்று பிற்பகலே செந்நாய்கள் மேட்டில் வந்து நின்றன. கீழே பார்த்தன. அப்படியே வெலவெலத்துப் பின்வாங்கின.

அந்த நேரம் பார்த்துக் காற்று பலமாக அடித்தது. தோலிலிருந்து முடி கொத்துக் கொத்தாகப் பறந்தது. கொழுப்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் அடியில் அழுகி, மேலே வழுக்கையாகிவிட்டது.

"புலிக்கு முடி கொட்டுது! அசையக்கூட மாட்டேங்குது!" என்றது தலைமைச் செந்நாய். "வாங்கடா, கிட்டப் போய்ப் பார்ப்போம்!"

பிறகென்ன, ஆளுக்கொரு பக்கம் ஓட்டம்தான். செந்நாய்கள் குட்டையைப் பிடித்துக்கொண்டன. கடமான் குட்டியைத் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு அந்தத் தூரத்து ஓடைக்குப் போனது. வழியில் குட்டி பல தடவை விழுந்தது. ஓடைக்கரையில் படுத்து அது தண்ணீரை நக்கும்வரை தாய்க்குப் போன உயிர் திரும்பவில்லை.

காகமும் பின்னாலேயே வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது.

"நான் பார்த்த எல்லாத்தையும் சொன்னேனே! ஒண்ணுகூட விடலையே!" என்றது.

முயல் பொறுமையாகக் கேட்டது. "தோலை உரிச்சதும் வேட்டைக்காரன் முதல்ல என்ன செய்வான்? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"முதல்லயா? மொண்ணைக் கத்தியால உள்பக்கத்தைச் சுரண்டுவான். கொழுப்பும் சதையும் துண்டு துண்டா வந்து விழும். நான் இறங்கிப் போய்ப் பொறுக்கித் தின்னுவேன்."

சொல்லி முடித்ததும் காகத்துக்கே உறைத்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டது கடமான்.

"அதை நான் வேலைன்னே நினைக்கலை. சாப்பாடுன்னு நினைச்சுட்டேன்" என்றது காகம்.

பக்கத்தில் இருந்து பார்த்தாலும் தன் வயிற்றுப்பாட்டிலேயே கண்ணாக இருந்தவர், எல்லாம் தெரியும் என்று சொல்லி அடுத்தவருக்கு வழிகாட்டக் கூடாது.